ஸ்ரீ கிருஷ்ணதேவராய சக்கரவர்த்தி

சக்கரவர்த்தி என்னும் சொல்லை நம்மவர் தாராளமாகவே வழங்கி வந்துள்ளனர். நான்கு கிராமங்களுக்கு உடையவரான பாளையக்காரரையும் சக்கரவர்த்தி என்று பாடிப் பரிசில் பெற்ற புலவர்கள் உண்டு. சாஸ்திரம் அவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. ராஜசூய யாகம் செய்து முடித்தவனாய், மண்டலம் முழுமைக்கும் ஈசனாய், ஏனைய அரசர்களைத் தன் ஆணையினால் நடத்துகிறவன் எவனோ அவனே ஸம்ராட் என்று அமரகோசம் இலக்கணம் வகுக்கிறது. ராஜசூயத்தால் ஒருவன் ராஜா ஆகிறான், வாஜபேயத்தால் ஸம்ராட் ஆகிறான் என்று சதபத பிராமணம் பேதம் காட்டும். ஐதரேய பிராமணமோ இந்திரனுடைய மஹாபிஷேகத்தைச் சொல்லுமிடத்தில் ஸாம்ராஜ்யம், பௌஜ்யம், ஸ்வாராஜ்யம், வைராஜ்யம் என ஆட்சியின் படிகளை அடுக்கிக்கொண்டே போகிறது. வேள்வியினாலும் அபிஷேகத்தினாலும் பெறுகிற பதவியாதலால், அதைக் கொடுக்கிற இடம் ஒன்று அரசனுக்கு மேலே இருக்கிறது என்பது இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை. நம் சம்பிரதாயத்தில் ஸ்ரீராமபிரானைச் சக்கரவர்த்தித் திருமகன் என்று வழங்குகிறோம். முடியைத் துறந்து மரவுரி உடுத்துக் காட்டில் நடந்த காலத்திலும் அந்தத் திருநாமம் அவரை விட்டு அகலவில்லை.

இந்த இலக்கணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்கத்தக்கவர், தென்னாட்டில் கடைசியாக அப்பெயருக்கு முழுத் தகுதியோடு விளங்கிய விஜயநகரத்து ஸ்ரீ கிருஷ்ணதேவராயர்.

விஜயநகரத்தார் பட்டங்களில் ஒரு சரித்திரம் அடங்கியிருக்கிறது. 1336 ஆம் ஆண்டில் அந்த ராஜ்யத்துக்கு வித்திட்ட ஹரிஹரரும் அவர் தம்பி புக்கரும் பேரரசர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளவில்லை. மஹாமண்டலேச்வரர் என்ற அளவோடு நின்றனர். அது ஒரு பெரிய அரசனுக்குக் கீழ்ப்பட்ட மண்டலத் தலைவனுக்குரிய பெயர். 1377 இல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஹரிஹரர்தாம் ராஜாதிராஜர், ராஜபரமேச்வரர் என்ற பேரரசுப் பட்டங்களை முதலில் பூண்டார். ஆயினும் பழைய பெயரை அவர்கள் உதறிவிடவில்லை. கிருஷ்ணதேவராயர் காலத்துத் தமிழ்ச் சாசனங்கள் பலவற்றிலும் மஹாமண்டலேச்வர என்பது முதலில் வந்து, அதன் பின்னரே ராஜாதிராஜ, ராஜபரமேச்வர, மூவராயர் கண்டன், பூர்வ தக்ஷிண பச்சிம ஸமுத்ராதிபதி என்று மற்றவை தொடரும். ஏறிய பிறகும் ஏணியை மறவாத குணம் என்று இதைக் கொள்ளலாம்; எழுதும் வழக்கம் மாறவில்லை என்றும் கொள்ளலாம். அந்த வரிசையில் பாஷைக்குத் தப்புவராயர் கண்டன் என்று ஒரு பட்டம் உண்டு. கொடுத்த வாக்கில் தவறும் அரசர்களைத் தண்டிப்பவன் என்பது அதன் பொருள். இது நிற்க.

பட்டம் ஒருவரிடமும் பொறுப்பு வேறொருவரிடமும் இருந்த காலம் ஒன்றும் விஜயநகரத்தில் இருந்தது. ஸாளுவ நரசிம்மர் இறந்தபோது அவருடைய பிள்ளைகளுக்கு வயது போதாது. தளபதியாயிருந்த துளுவ நரஸ நாயகரே ராஜ்யத்தைத் தாங்கினார். சிங்காதனத்துக்குரிய இளவரசன் இம்மடி நரசிம்மன் பெனுகொண்டாவில் காவலில் வைக்கப்பட்டிருக்க, படை நடத்தியதும் கப்பம் வாங்கியதும் நரஸ நாயகர்தாம். 1503 இல் அவர் மறைந்தார். 1505 இல் இம்மடி நரசிம்மன் கொலையுண்டான். நரஸ நாயகரின் மூத்த குமாரர் வீரநரசிம்மர் தாமே பட்டம் சூடிக்கொண்டார். துளுவ வம்சத்தின் சிங்காதனம் இப்படி ரத்தக் கறையோடுதான் தொடங்கிற்று. இதைப் புகழ்மாலைக் காவியங்கள் சொல்லா.

நரஸ நாயகருக்கு நாகலாம்பிகையிடம் பிறந்தவர் கிருஷ்ணதேவராயர். வீரநரசிம்மருக்கு இவர் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி. அண்ணன் நோயுற்றுப் படுக்கையிலிருந்தபோது, தன் சிறு குமாரனே அடுத்து ஆளவேண்டும் என்ற ஆசையால், தம்பியின் கண்களைப் பிடுங்கிக் கொண்டுவரும்படி மந்திரி ஸாளுவ திம்மரசருக்கு உத்தரவிட்டார் என்றும், திம்மரசர் ஓர் ஆட்டின் கண்களைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு இளவரசரை மறைத்துக் காத்தார் என்றும் பெர்னாவோ நூனிஸ் என்ற போர்த்துகீசியக் குதிரை வியாபாரி எழுதி வைத்திருக்கிறார். ராயர் காலமாகிச் சில ஆண்டுகளுக்குள் விஜயநகரத்தில் இருந்தவர் அவர். நகரத்தில் ஜனங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு எழுதியவர். இது நடந்ததோ இல்லையோ, ராயருக்கும் திம்மரசருக்கும் இருந்த பந்தத்தை உலகம் எப்படிக் கண்டது என்பதற்கு இக்கதை சாட்சி. ராயர் அந்த மந்திரியை அப்பாஜி என்றே அழைத்து வந்தார்.

1509 ஆம் ஆண்டு ராயர் அரியணை ஏறினார். ஸ்ரீ ஜயந்தி தினத்தன்று பட்டாபிஷேகம் நடைபெற்றதாகச் சொல்வர். அதன் ஞாபகமாக ஹம்பி விரூபாக்ஷர் ஸந்நிதியில் ரங்க மண்டபமும் கோபுரமும் எடுப்பித்ததை 1510 ஆம் ஆண்டுச் சாசனம் கூறுகிறது. ராயர் பரம வைஷ்ணவர். எனினும் ராஜ்யத்தின் தெய்வம் விரூபாக்ஷரே என்ற முன்னோர் ஏற்பாட்டை அவர் மாற்றவில்லை. செப்பேடுகளின் முடிவில் ஸ்ரீ விரூபாக்ஷ என்ற கையொப்பமே தொடர்ந்தது. சொந்தப் பக்தி வேறு, சக்கரவர்த்தியின் கடமை வேறு என்ற தெளிவு அவரிடம் இருந்தது.

அக்காலத்தில் இப்பகுதியின் அரசர்களை மூன்று பெயரால் பிரித்துச் சொல்வது வழக்கம். குதிரைப் படையை நம்பிய தக்கணத்துச் சுல்தான்கள் அச்வபதிகள். யானைப் படையுடைய கலிங்க மன்னர் கஜபதி. காலாட்படை மிகுந்த விஜயநகரத்தார் நரபதி. ராயர் பட்டத்துக்கு வந்தபோது அச்வபதிகள் வடக்கே படை திரட்டி வந்தனர். கஜபதியோ உதயகிரி, கொண்டவீடு முதலிய கோட்டைகளைத் தம் கையில் வைத்திருந்தார். உள்நாட்டிலே காவிரியின் சிவனசமுத்திரத்தீவைக் கோட்டையாகக் கொண்டு உம்மத்தூர் கங்கராஜன் கப்பம் செலுத்த மறுத்தான். முதலில் வந்த சுல்தான்களின் படையை முறியடித்த பின் ராயர் தெற்கே திரும்பி உம்மத்தூரை அடக்கினார். கங்கராஜன் தப்பியோடுகையில் காவிரியில் மூழ்கி மாண்டான் என்பர். 1512 இல் ராய்ச்சூர் வசமாயிற்று. பாமினி சுல்தான் மகமூது தம் அமைச்சர் அமீர் பரீதின் பிடியில் பெயரளவுக்கு அரசராய் இருந்து வந்தார். ராயர் அவரை மறுபடியும் அரசுரிமையில் நிலைநிறுத்தி யவன ராஜ்ய ஸ்தாபனாசார்யர் என்ற விசித்திரமான பட்டத்தையும் பெற்றார். பகைவன் ராஜ்யத்தை ஸ்தாபித்துக் கொடுத்தேன் என்று ஓர் அரசன் பெருமை கொள்வது புதுமைதான். பிற அரசர்களை ஆணையால் நடத்துபவன் என்ற அமரகோச இலக்கணத்துக்கு இதைவிட நேரான உதாரணம் கிடைப்பது அரிது. இதில் ராஜதந்திரமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பாமினி என்று ஒரு பெயர் உயிரோடிருக்கும்வரை அதன் துண்டங்களாகிய சுல்தான்கள் தமக்குள் ஒற்றுமைப்பட மாட்டார்கள் அல்லவா?

கலிங்கப் போர்தான் நீண்டது. உதயகிரி மலைக்கோட்டையை 1513 இல் முற்றுகையிட்டார். மலைப்பாறைகளை உடைத்துப் பாதை அமைத்துக்கொண்டு ஏற வேண்டியிருந்தது. 1514 ஜூன் மாதம் கோட்டை வீழ்ந்தது. கஜபதியின் உறவினரான திருமலை ராவுத்தராயர் பிடிபட்டார். அக்கோட்டையிலிருந்த பாலகிருஷ்ணன் திருவுருவத்தை ராயர் தலைநகருக்கு எழுந்தருளச் செய்து, புதிதாக ஆலயம் எடுப்பித்து 1515 இல் பிரதிஷ்டை செய்வித்தார். அதே ஆண்டு கொண்டவீடு விழுந்தது. கஜபதியின் குமாரர் வீரபத்திரர் கைதியானார். அவர் மானம் பொறாமல் உயிர் துறந்தார் என்று நூனிஸ் கூறுவர். ஆனால் 1516 ஆம் ஆண்டுச் சாசனமொன்று ராயரின் கீழ் மலெபென்னூர்ச் சீமையை அந்த வீரபத்திரரே நிர்வகித்ததைக் காட்டுகிறது. பிறகு கொண்டபல்லி, ராஜமஹேந்திரவரம் என வென்றுகொண்டே போய் 1516 இல் சிம்மாசலத்து வராஹ நரசிம்மரைச் சேவித்து ஆபரணங்கள் சமர்ப்பித்தார். பொட்னூரில் ஜயஸ்தம்பம் நாட்டினார்.

கஜபதி பிரதாபருத்திரரும் வைஷ்ணவரே. புரி ஜகந்நாதனின் தொண்டர். சைதன்ய மஹாப்பிரபுவிடம் ஈடுபட்டவர். ஒரே பெருமாளின் அடியார் இருவர் ஐந்தாறு ஆண்டுகள் பொருதனர். முடிவில் சமாதானம் ஏற்பட்டது. கஜபதியின் குமாரி ராயருக்கு வாழ்க்கைப்பட்டாள். கிருஷ்ணை நதிக்கு வடக்கே தாம் வென்ற நாடுகளையெல்லாம் ராயர் மாமனாருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். இத்தனை உயிர்ச்சேதத்துக்குப் பின் வென்ற நிலத்தைத் திருப்புவது எதற்கு என்று கேட்கத் தோன்றும். திக்விஜயம் என்பதற்குப் பழைய தர்மநூலார் கொண்ட பொருளே அதுதான்: வென்றவன் அரசனைப் பணியச் செய்வான்; நிலத்தை அவனிடமே விடுவான்.

இந்தப் போர்களுக்கு நடுநடுவேதான் ராயர் திருமலைக்கு ஏழு முறை எழுந்தருளினார். எழுந்தருளினார் என்பதைவிட ஏறிவந்தார் என்பது பொருந்தும். 1513 பிப்ரவரி 10 ஆம் நாள் முதல் யாத்திரை. ரத்தினக் கிரீடமும் பல ஆபரணங்களும் கர்ப்பூர ஆரத்திக்கு 25 வெள்ளித் தட்டுகளும் சமர்ப்பித்தார். உடன் வந்த தேவிமார் திருமலாதேவியும் சின்னாதேவியும் திருவேங்கடமுடையானுக்குப் பால் அமுது செய்விக்கப் பொன் கிண்ணம் ஆளுக்கொன்று கொடுத்தனர். அதே ஆண்டு மே, ஜூன் மாதங்களில் மறுபடியும் இரண்டு முறை வந்தார். உதயகிரி வீழ்ந்ததும் நேரே புறப்பட்டு 1514 ஜூலை 6 ஆம் நாள் 30,000 பொன்னால் பெருமாளுக்குக் கனகாபிஷேகம் செய்தார். அரசனுக்குப் பிறர் செய்வது கனகாபிஷேகம். இங்கே அரசன் தன் அரசனுக்குச் செய்தான். 1515 அக்டோபரில் ஒரு முறை வந்தார். 1517 ஜனவரி 2 ஆம் நாள் விமானத்துக்குப் பொன் வேய 30,000 வராகன் கொடுத்தார். அத்திருப்பணி 1518 இல் நிறைவேறிற்று. கடைசி யாத்திரை 1521 பிப்ரவரி 17. அப்போது பீதாம்பரமும், நவரத்தினம் இழைத்த குல்லாவியும், 10,000 வராகனும் சமர்ப்பித்தார். குல்லாவி என்பது அக்காலத்து ராஜாக்கள் அணிந்த நீண்ட குல்லாய். தாம் தலையில் தரிப்பதைப் போன்றதையே பெருமாளுக்கும் சாத்தி அழகு பார்த்திருக்கிறார். மஹாத்வாரத்துக்குள் நுழைகிற மண்டபத்தில் அந்தக் குல்லாயோடு, தேவியர் இருவரும் இரு பக்கம் நிற்க, கூப்பிய கையோடு அவருடைய உலோகத் திருவுருவம் நிற்கிறது. கும்பிடுகிற கூட்டத்தில் ஒருவராகவே அவர் தம்மை அங்கே வைத்துக்கொண்டார். தோளில் பெயர் பொறித்திராவிட்டால் இன்னார் என்றே பலருக்குத் தெரிந்திராது.

கலிங்கப் போரின்போது நிகழ்ந்த ஒன்று நம் சம்பிரதாயத்தாருக்கு எல்லா வெற்றிகளிலும் பெரியது. கிருஷ்ணை நதிக்கரையில் ஸ்ரீகாகுளம் என்றோர் ஊர். (வடகோடியிலுள்ள ஸ்ரீகாகுளம் மாவட்டம் வேறு.) அங்கே ஆந்திர மஹாவிஷ்ணு என்ற பெயரால் எம்பெருமான் எழுந்தருளியிருக்கிறார். படையோடு வந்த ராயர் அங்கே ஏகாதசி உபவாசம் இருந்தார். இரவின் கடைசி யாமத்தில் பெருமாள் கனவில் தோன்றி, திருவரங்கத்தில் தமக்கும் கோதைக்கும் நடந்த திருமணத்தைத் தெலுங்கில் காவியமாகப் பாடும்படி நியமித்ததாக ராயரே அந்நூலின் முகப்பில் தெரிவிக்கிறார். அதற்கு முன் மதாலஸ சரித்திரம், ஸத்யாவதூ பரிணயம் முதலியவற்றை வடமொழியில் இயற்றியவர் அவர். துளு நாட்டு வம்சத்தவர், கன்னட நாட்டுத் தலைநகரிலிருந்து ஆண்டவர், தெலுங்கிலே பாடினார். பாடிய பொருளோ பாண்டி நாட்டுத் தமிழச்சியின் கதை. வைத்த பெயர் வடமொழி. ஆமுக்த மால்யதா என்பது சூடிக் கொடுத்தவள் என்பதன் நேர்மொழி. நூலைத் திருவேங்கடமுடையானுக்கே அர்ப்பணம் செய்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரை அதில் அவர் வர்ணித்திருக்கும் நயம் தனியே ரசிக்கத்தக்கது. வாய்க்கால் ஓரத்தில் தலையை இறகுக்குள் புதைத்து உறங்கும் வாத்துகளை, அந்தணர்கள் நீராடிப் பிழிந்து மறந்து வைத்துப்போன வேஷ்டிகள் என்று ஊர்க்காவலர்கள் நினைத்துவிடுகிறார்களாம். உடையவரிடம் சேர்க்கலாம் என்று இறங்கிப்போய் எடுக்கப் போகையில் அவை பறந்துவிட, நெல் காக்கும் பெண்கள் கண்டு சிரிக்கிறார்களாம். படைவீடுகளிலேயே பாதி ஆயுளைக் கழித்த ஒருவருக்கு இந்தக் காட்சி எப்படிக் கைவந்தது என்பது வியப்பே.

அதைவிட வியப்பானது வேறொன்று. கோதையின் கதையென்று எடுத்துக்கொண்டு, ராஜ்யத்தை விட்டவர்களின் கதைகளையே அதனுள் நிரப்பியிருக்கிறார். பெரியாழ்வார் பரதத்துவ நிர்ணயம் செய்து பொற்கிழி அறுத்தது ஓர் அரசனின் ஐயத்தைத் தீர்ப்பதற்காக. பெரியாழ்வார் வாயிலாக வருகிற காண்டிக்கியன், கேசித்துவஜன் கதை ஸ்ரீ விஷ்ணு புராணத்தில் உள்ளது. கேசித்துவஜனால் நாடிழந்து காட்டிலிருக்கிறான் காண்டிக்கியன். யாகப் பசு புலியால் மடிய, பிராயச்சித்தம் அறிய வேண்டித் தன் பகைவனிடமே வந்து நிற்கிறான் கேசித்துவஜன். இப்போதே கொன்றுவிடலாம் என்கிறார்கள் மந்திரிகள். காண்டிக்கியன் கொல்ல மறுத்துப் பிராயச்சித்தத்தைச் சொல்லிக் கொடுக்கிறான். பின்னர் குருதக்ஷிணை தர வந்தவனிடம் நாட்டைக் கேள் என்று மந்திரிகள் தூண்ட, அவன் ஆத்மஞானத்தைக் கேட்டுப் பெறுகிறான். ஆளவந்தார் கதையும் இப்படியே. வாதில் வென்று பாதி ராஜ்யம் பெற்று, பாட்டனாரையும் பெருமாளையும் மறந்து ஆண்டுகொண்டிருந்தவரை, மணக்கால் நம்பி தூதுவளைக் கீரை கொண்டுபோய்க் கொடுத்தே வசப்படுத்தி, முன்னோர் வைத்த நிதி இருக்கிறது வாரும் என்று திருவரங்கத்துக்கு அழைத்து வந்து பெரிய பெருமாளைக் காட்டிய சரித்திரம் நம்மவர் யாவரும் அறிந்தது. ராஜ்யத்தை விட்டுப் புறப்படுமுன் ஆளவந்தார் தம் குமாரனுக்கு அரசநீதி உபதேசிப்பதாக ஒரு பகுதியை ராயர் அமைத்தார்.

நீதிசாஸ்திரப் பண்டிதர்கள் இப்பகுதியை இன்றளவும் ஆராய்கிறார்கள். வருமானத்தை நான்காகப் பிரித்து, ஒரு பங்கைத் தானத்துக்கும் போகத்துக்கும், இரு பங்கைச் சேனைக்கும், ஒரு பங்கைக் கருவூலத்துக்கும் ஒதுக்க வேண்டும் என்கிறார். ஏரியும் கால்வாயும் வெட்டி, ஏழைக் குடியானவனுக்கு வரியில் சலுகை கொடுத்தால் அறமும் பொருளும் சேர்ந்து வளரும். பஞ்சத்தால் குடிகள் ஊரைவிட்டுப் போனால் அவர்களைத் திரும்ப அழைக்காமல், விட்டுப்போன மாடுகளையும் தானியத்தையும் பறித்துக் கருவூலம் நிரப்பலாம் என்று நினைக்கிற அதிகாரி இருக்கும் நாடு உருப்படாது. துறைமுகங்களைச் செம்மைப்படுத்திக் குதிரையும் யானையும் முத்தும் சந்தனமும் வரச் செய்ய வேண்டும். புயலாலோ நோயாலோ கரையொதுங்கும் அயல்நாட்டு மாலுமிகளை அவரவர்க்கேற்ப ஆதரிக்க வேண்டும். இவை ஏட்டோடு நிற்கவில்லை. ஜோவாவோ டி லா போன்டே என்ற போர்த்துகீசியக் கல்வேலைக்காரரின் துணையோடு தலைநகருக்கருகே அவர் ஓர் ஏரி கட்டுவித்தார். 1517 இல் சோழமண்டலத்துச் சிவ, விஷ்ணு ஆலயங்களிலிருந்து அரசுக்கு வந்துகொண்டிருந்த சூலவரி, ஜோடி முதலிய வரிகளில் 10,000 வராகனைத் தள்ளிக் கொடுத்தார். இந்த உத்தரவு பல ஆலயங்களின் சுவரில் வெட்டப்பட்டுள்ளது. சிதம்பரத்து வடக்குக் கோபுரம் சிம்மாசல விஜயத்துக்குப் பின் அவர் எடுப்பித்தது. காளஹஸ்தியில் 1516 இல் அவர் எழுப்பிய ராஜகோபுரம் 2010 ஆம் ஆண்டு மே மாதம் இடிந்து விழுந்து, மறுபடி கட்டப்பட்டு 2017 இல் கும்பாபிஷேகம் கண்டது.

ஆமுக்த மால்யதாவின் கடைசிப் பகுதியில் வரும் மாலதாசரியின் கதை, நம் நாட்டில் கைசிக ஏகாதசியன்று வாசிக்கப்படும் நம்பாடுவான் சரித்திரமே. பஞ்சமகுலத்துப் பாணன் பிரம்மரக்ஷஸின் கையில் அகப்பட்டு, பெருமாளைப் பாடிவிட்டு வந்து உனக்கு உணவாகிறேன் என்று வாக்குக் கொடுத்து, சொன்னபடியே திரும்பி வருகிறான். பாஷைக்குத் தப்பும் ராயர்களைத் தண்டிப்பவன் என்ற பட்டத்தைத் தாங்கிய சக்கரவர்த்தி, பாஷைக்குத் தப்பாதவன் எவன் என்பதற்கு அந்தப் பாணனைத்தான் காட்டினார்.

ராயரை நேரில் கண்டு எழுதியவர் டொமிங்கோ பயஸ் என்ற போர்த்துகீசியர். ஏறக்குறைய 1520 இல் வந்தவர். நடுத்தர உயரம், சிவந்த மேனி, முகத்தில் அம்மைத் தழும்பு. விடியுமுன் எழுந்து நல்லெண்ணெய் குடித்து, உடலெங்கும் எண்ணெய் தேய்த்து, கனமான மண்குண்டுகளைத் தூக்கி, வாள் சுழற்றி, மல்லரோடு பொருது, சூரியோதயம்வரை குதிரை சவாரி செய்து, பின்னர் நீராடிப் பூஜைக்குச் செல்வார். மஹாநவமி ஒன்பது நாளும் நாடெங்குமிருந்து நாயக்கர்கள் வந்து கூடுவர். மலரிடையே வைத்த பொன் விக்கிரகத்தை வழிபட்ட பின்னரே ராயர் வெள்ளாடை தரித்துச் சபையில் அமர்வார். யானைகளுக்கும் குதிரைகளுக்கும்கூட அன்று பூஜை உண்டு. இவ்வளவும் சொல்லிப் புகழ்ந்த பயஸ், நீதிமானாகிய இவருக்குத் திடீரென்று மூளும் கோபம் ஒன்று உண்டு என்பதையும் எழுதத் தவறவில்லை.

1520 மே 19 ஆம் நாள் ராய்ச்சூரில் இஸ்மாயில் ஆதில்ஷாவோடு நடந்த பெரும் போரில் முதலில் ராயரின் முன்படை பீரங்கிகளுக்கு முன் சிதறிற்று. அவரே குதிரையேறிப் படையைத் திருப்பி வென்றார். கிறிஸ்தோவாவோ டி பிகெய்ரேடோ என்பவரும் அவருடைய துப்பாக்கி வீரர்களும் கோட்டையைப் பிடிக்க உதவினர். சமாதானம் பேச வந்த தூதரிடம், ஆதில்ஷா வந்து தம் காலை முத்தமிட்டால் எடுத்ததெல்லாம் திருப்பித் தருவதாக ராயர் சொல்லியனுப்பினார் என்கிறார் நூனிஸ். கஜபதிக்கு நாட்டைத் திருப்பியபோது இல்லாத செருக்கு இது. சுல்தான்கள் மனத்தில் அந்த வடு ஆறவில்லை.

1524 இல் திருமலாதேவியிடம் பிறந்த திருமலை என்ற சிறுவனுக்கு இளவரசுப் பட்டம் கட்டினார். வயது ஆறு. தம் காலத்திலேயே மகனை அமர்த்திவிட்டால் வாரிசுச் சண்டை எழாது என்று எண்ணியிருக்கலாம். தம் அண்ணன் காலத்து அனுபவம் மறந்திராது. விழாக் கொண்டாட்டம் முடிந்து சில மாதங்களில் பிள்ளை நோயுற்று இறந்தான். திம்மரசரின் மகன் நஞ்சு வைத்தான் என்று ராயர் காதில் விழுந்தது. விசாரணை நடந்ததாகத் தெரியவில்லை. சபை நடுவே திம்மரசரை வரவழைத்துக் குற்றம் சாட்டிக் குமாரர்களோடு சிறையிலிட்டார். பிராம்மணரைக் கொல்லலாகாது என்பதால் கண்களைப் பிடுங்கச் செய்தார். ராயரின் கண்களைக் காத்தவர் என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்த அப்பாஜியின் கண்கள் ராயரின் ஆணையாலேயே போயின. மந்திரிகள் கொல் என்றபோதும் பகைவனைக் கொல்லாத காண்டிக்கியனைப் பாடியவர் அவர். யார் என்ன சமாதானம் சொன்னாலும் அது அதர்மமே.

அதன் பின் ராயர் நெடுநாள் இருக்கவில்லை. பெல்காம் மேல் படையெடுக்க ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது நோய்வாய்ப்பட்டார். அவருடைய மறைவு நாள் பற்றி நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்து ஹொன்னேனஹள்ளியில் 2021 இல் படிக்கப்பட்ட கன்னடச் சாசனமொன்று அதைத் தீர்த்தது: 1529 அக்டோபர் 17, ஞாயிற்றுக்கிழமை, அன்று சந்திர கிரகணம். பதினெட்டு மாதக் குழந்தை ஒன்று இருந்தும், நாட்டைத் தாங்க வல்லவர் வேண்டுமென்று, சந்திரகிரியில் காவலில் வைத்திருந்த தம் மாற்றாந்தாய்ச் சகோதரர் அச்யுதரையே வாரிசாக நியமித்துவிட்டுப் போனார். அச்யுதர் திருமலைக்கு வந்து திருவேங்கடமுடையானின் கைச்சங்குத் தீர்த்தத்தால் அபிஷேகம் பெற்ற பின்னரே தலைநகர் சென்றார்.

1565 இல் சுல்தான்கள் ஒன்றுகூடி வந்து தலைநகரை அழித்தனர். உதயகிரியிலிருந்து ராயர் கொண்டுவந்த பாலகிருஷ்ணன் பூஜை கொண்ட ஆலயம் ஹம்பியில் மூலவர் இல்லாமல் நிற்கிறது. அந்தப் பாலகிருஷ்ணனின் திருவுருவம் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளது.